முதல் முகம் யாருடையது?

மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்களுள் சில அவன் சிந்தனையில் இடம் பெறுவதே இல்லை. பல் துலக்குவதும் தலை வாருவதும் முகம் மழிப்பதும் அத்தகையன. கை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும். மனம் வேறெங்கோ உலவிக்கொண்டிருக்கும். ஆயினும், முகம் மழித்தல் என்னும் இச்சிறு செயல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில், மனம் உலவுதற்கு இடம் தராத ஒன்றாகவே இருந்தது. கையிலிருந்த கருவியே அதற்குக் காரணம். கைப்பிடிக்குள் மடங்கும் நீண்ட சவரக்கத்தி அது. அதன் கூர்முனைக்கும் குரல்வளைக்கும் இடையே வேறு தடுப்பு எதுவும் இல்லை. பிடித்திருக்கும் கையின் பயிற்சி ஒன்றே காப்பு.

அக்கத்தி மறைந்தொழிந்தது என்று கருதுவோர் பலர். அது முற்றும் மறைந்துவிடவில்லை. ஜெர்மனி நாட்டின் சோலிங்கன் நகரம் பல நூற்றாண்டுகளாகக் கத்திகளுக்குப் பெயர் பெற்றது. அந்நகரின் பெயரைப் பிற ஊர்க் கத்திகளில் பொறித்து விற்றலாகாது என்று 1938ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டது. மடக்குச் சவரக்கத்திகள் அங்கே இன்றும் செய்யப்படுகின்றன. அவற்றை வாங்குவோருள், தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளப் பழகும் இளைஞரும் உளர். சிலர் சிக்கனம் கருதுகின்றனர். சிலர் பழம்பொருள் மீது பற்றுடையவர். வேறு சிலர் ஞெகிழிக் கருவிகளை வாரந்தோறும் குப்பையில் எறிய மனமில்லாதவர். அவர்களை அக்கத்தியிடம் அழைத்து வரும் காரணம் எதுவாயினும் ஆகுக. வந்தபின் அவர்களுக்கு நேர்வதே எண்ணிப் பார்க்கத் தக்கது.

புதிதாகப் பழகுபவன் முதலில் கற்பது மழித்தலை அன்று, தீட்டுதலை. கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்த தோல்வாரின் மீது கத்தியைப் படுக்க வைத்து, தடித்த முதுகு முன்செல்லக் கூர்ப்புறம் பின்தொடர இழுத்தல் வேண்டும். வாரின் முடிவை அடைந்ததும், கத்தியை முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப இழுத்தல் வேண்டும். கூரின் மேல் புரட்டினால் தோலும் கிழியும், கூரும் மழுங்கும். கேட்பதற்கு இஃது எளிது. கைதேர்ந்த முடிதிருத்துநர் வாடிக்கையாளரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருபது முப்பது முறை தீட்டிவிடுவார். புதியவனோ மூன்றாம் இழுப்பிலேயே வாரைக் கீறிவிடுவான். கீறல் விழாத வாரோடு இக்கலையைக் கற்று முடித்தவர் அரியர்.

அக்கத்தியின் அமைப்பிலேயே ஒரு நுட்பம் உண்டு. சாணைக் கல்லில் வைக்கும்போது அதன் முதுகும் கூரும் ஒருங்கே கல்லைத் தொடுகின்றன. ஆகவே, கூர் எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பதைத் தீட்டுபவன் முடிவு செய்வதில்லை. முதுகின் பருமனும் அலகின் அகலமும் அதனை முன்னரே முடிவு செய்துவிட்டன. செய்தவன் தன் அறிவைக் கத்தியின் உடலிலேயே வைத்துவிட்டுச் சென்றிருக்கிறான். ஆனால் அவ்வுதவி கல்லோடும் வாரோடும் முடிந்துவிடுகிறது. முகத்தில் வைக்கும்போது முதுகைத் தோலிலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயர்த்த வேண்டும். கோணம் குறைந்தால் கத்தி மயிரை இழுத்து வலிக்கச் செய்யும். மிகுந்தால் தோலைச் சீவும். அந்த அளவைக் கத்தி சொல்லாது. கை அறிந்திருத்தல் வேண்டும்.

வெந்நீரால் மயிரை மென்மையாக்கி, நுரை பூசி, மறுகையால் தோலை இழுத்துப் பிடித்து, காதோரத்திலிருந்து கன்னத்தில் கத்தியை இறக்குகிறான் புதியவன். முதல் சில நாள்கள் கன்னத்தோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. தாடையின் வளைவும் மேலுதடும் தொண்டையும் பின்னர் வரட்டும். வலக் கன்னத்தில் வென்றவன் இடக் கன்னத்திற்கு வந்ததும் திகைப்பான். பழகாத இடக்கையால் பிடிப்பதா, மூக்குக்குக் குறுக்கே வலக்கையை நீட்டுவதா என்பது விளங்காது. கண்ணாடியில் காணும் உருவமோ இடம் வலம் மாறி நின்று அவனைக் குழப்பும். கூர் குறைந்த கத்தியை அழுத்தி ஓட்ட முயல்வான்; அழுத்தினால் வெட்டும். கத்தியைக் கூர்ப்பக்கமாக முன் செலுத்தலாம். பக்கவாட்டில் ஒரு நெல்லளவு நகர்த்தினாலும் சதை பிளக்கும்.

அச்சம் அவனுக்கு உதவுமா? திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம், அறிவுடையார்க்கும் உரிய அச்சம் ஒன்று உண்டெனக் கூறுகின்றது. சவரக்கத்தி அதனை நன்கு விளக்கும். கத்தியை எடுக்குமுன் தோன்றும் அச்சம், கூரைச் சோதிக்கச் செய்கிறது. வெளிச்சம் போதுமா என்று பார்க்கச் செய்கிறது. அவசரமான காலை வேளையில் 'இன்று வேண்டா' என்று கத்தியை மடக்கி வைக்கவும் செய்கிறது. கத்தி முகத்தில் பட்டபின் தோன்றும் அச்சமோ வேறு. அது கையை விறைக்கச் செய்யும். விறைத்த கை கோணத்தை இழக்கும். முன்னது வேண்டும், பின்னது விலக வேண்டும். பின்னதை விலக்குவதற்குப் பயிற்சியன்றி வழியில்லை. ஆனால் பயிற்சி என்பது பிழைகளின் வழியாகத்தானே வருகிறது?

இங்கேதான் அறம் பற்றிய வினா ஒன்று எழுகிறது. தன் முகத்தை மழிக்கப் பழகுபவன் செய்யும் பிழை ஒவ்வொன்றுக்கும் விலை கொடுப்பவன் அவனே. கை அவனுடையது, முகமும் அவனுடையது. கவனம் தவறிய கணத்திலேயே குருதி துளிர்க்கிறது. படிகாரக் கல்லை ஈரமாக்கித் தேய்த்தால் எரிகிறது. தவற்றுக்கும் அதன் பயனுக்கும் இடையே ஒரு நொடி இடைவெளியும் இல்லை. இடையில் வேறொரு மனிதனும் இல்லை. கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உலகில் கற்கப்படும் கலைகளுள் எத்தனை இவ்வாறு கணக்குத் தீர்ப்பவை? மிகச் சிலவே. பிறர்க்குப் பயன்படும் கலைகள் பெரும்பாலும் பிறர் மேலேயே பழகப்படுகின்றன. கற்பவன் தவறுகிறான், காயம் இன்னொருவன் மேல் விழுகிறது.

முடிதிருத்துநராகப் பயில்பவரையே எடுத்துக்கொள்ளலாம். ஊதிய பலூனின் மீது நுரை பூசி, அது வெடிக்காதவாறு கத்தியால் நுரையை வழித்தெடுக்கும் பயிற்சி உண்டு. நல்ல பயிற்சிதான். ஆனால் பலூனுக்கு மருவும் இல்லை, பருவும் இல்லை. அது தும்முவதில்லை, பாதியில் தலையைத் திருப்பி வாசலில் போவோரை நலம் விசாரிப்பதுமில்லை. எத்தனை பலூன்களை மழித்தாலும், ஒரு நாள் ஓர் உயிருள்ள முகத்தின் மீது முதன்முறையாகக் கத்தியை வைத்தே ஆக வேண்டும். அந்த முதல் முகம் யாருடையது? தந்தையிடமிருந்து மகன் கற்ற நாள்களில், அத்தந்தையோ தமையனோ தம் கன்னத்தைக் கொடுத்திருக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் உடன் பயில்வோர் மாறி மாறி முகம் கொடுக்கலாம். எவ்வாறாயினும், யாரோ ஒருவர் நாற்காலியில் அமர்ந்து தலையைப் பின்னே சாய்த்திருக்கிறார். கைதேர்ந்தவர்கள் அனைவரும் அத்தகைய ஒருவருக்குக் கடன்பட்டவர்கள்.

இதனோடு ஒப்பிடத்தக்க பழங்கதை ஒன்றை உரோமப் பேரறிஞர் சிசரோ தம் நூலொன்றில் சொல்கிறார். கி.மு. நான்காம் நூற்றாண்டில் சிராக்கூஸ் நகரை ஆண்ட கொடுங்கோலன் டயோனிசியஸ், நாவிதர் எவரிடமும் தன் கழுத்தை ஒப்படைக்க அஞ்சினான். தன் மகளிர்க்கே மழிக்கும் தொழிலைக் கற்பித்து, அவர்களிடம் முகத்தைக் கொடுத்தான். கற்பவர்க்குத் தன் முகத்தையே முதல் முகமாகத் தரும் தந்தை போற்றுதற்குரியவன் அல்லனோ? இவனோ அன்பினால் தந்தவன் அல்லன். மகளிர் வளர்ந்ததும் அவர்கள் மீதும் ஐயம் கொண்டான். இரும்பை அவர்கள் கையிலிருந்து அகற்றிவிட்டு, தீயில் பழுத்த அக்ரூட் ஓடுகளால் தாடியைக் கருக்கச் செய்தான். கலை கைவந்த வேளையில் கருவியைப் பறித்த தந்தை அவன். தன் கையில் தானே கத்தியை எடுக்க அவன் ஏன் எண்ணவில்லை என்பதைச் சிசரோ சொல்லவில்லை.

தானே எடுக்கலாம் என்பதை ஒரு நூலாகவே எழுதியவர், பாரிஸ் நகரத்துக் கத்தி செய்வோரான ழான் ழாக் பெரே. தன்னைத் தானே மழித்துக்கொள்ளக் கற்கும் கலையைப் பற்றி 1769ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கத்தியைத் தேர்ந்தெடுப்பது முதல் தீட்டுவது வரையில், நாவிதரிடம் மட்டுமே இருந்த அறிவைப் படிக்கத் தெரிந்த எவரும் பெறுமாறு அச்சிலேற்றினார். அவரே மற்றொன்றும் செய்தார். தச்சரின் இழைப்புளியில் உளி வெளியே சிறிதளவே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, சவரக்கத்திக்கும் அவ்வாறே மரத்தாலான காப்பு ஒன்றை அமைத்தார். ஒரு கையால் மனிதனுக்குக் கலையைக் கற்பித்தவர், மறுகையால் அக்கலை இல்லாமலேயே காரியம் முடியும் வழியையும் தேடியிருக்கிறார்! இவ்விரண்டும் தம்முள் முரணுவதாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டிற்கும் அடியில் இருந்த கவலை ஒன்றே: புதியவனின் முகம் கிழியலாகாது.

காப்பின் வழியே உலகம் சென்றது. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் தொடங்கிய நிறுவனம் 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளுமே. அடுத்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர் கைக்கு அக்கருவி சென்றது; பிறகு உலகமெங்கும் பரவியது. இதனை வீழ்ச்சி என்று புலம்புதல் பொருந்தாது. கண்பார்வை மங்கிய முதியவரும் கைநடுக்கமுற்ற நோயாளியும் பிறர் உதவியின்றி முகம் மழிக்கிறார்கள் என்றால், அது கத்தியில் வைத்த காப்பு தந்த விடுதலை. பழைய கத்தியைப் புகழ்வோர் சிலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எனினும் ஓர் உண்மை உண்டு. பிறர் முகத்தை மழிப்பவரின் கத்தியில் இன்றும் காப்பு இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள நம்மவர் முடிதிருத்தும் கடைகளில், நோய் பரவாதிருக்கும் பொருட்டு ஒவ்வொருவர்க்கும் புதிய பிளேடை மாற்றிச் செருகும் கத்தி வழங்குகிறது. பிளேடு மாறியதே தவிர, அதன் கூர் முன்போலவே வெளியில் நிற்கிறது. அதன்கீழ்க் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டி உறங்கிவிடுவோரும் உண்டு. இவ்வளவு நம்பிக்கையை நாள்தோறும் பெறும் தொழிலைத்தான் தமிழ்ச் சமுதாயம் நெடுங்காலம் தாழ்த்தி வைத்தது. அத்தொழிலினரை மருத்துவர் என்று வழங்கும் பெயரும், பிள்ளைப்பேறு பார்த்த அவர்தம் பெண்டிரை மருத்துவச்சி என்று அழைத்த வழக்கும், கத்தியோடு அவர்கள் கையில் வேறென்ன இருந்தது என்பதைக் காட்டும். இங்கிலாந்திலும் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540ஆம் ஆண்டில் ஒரே கழகமாக இணைக்கப்பட்டு, 1745ஆம் ஆண்டில்தான் பிரிந்தனர். தன் கன்னத்தில் மூன்று இடங்களில் கீறிக்கொண்ட இளைஞன், அடுத்த முறை முடிதிருத்துநரின் நாற்காலியில் அமரும்போது அவர் கையை வேறு கண்ணோடு பார்ப்பான். வேறு பயன் இல்லாவிடினும், இப்பயன் ஒன்றற்காகவே பழைய கத்தியைச் சில நாள் பழகலாம்.

அறுவை மருத்துவத்தின் பெயர் வந்தமையால் முதல் முகம் பற்றிய வினா கூர்மையடைகிறது. மருத்துவமனையில் பயிலும் இளம் மருத்துவரின் முதல் தையல் யாரோ ஒரு நோயாளியின் தோலில் விழுகிறது. அதனை உலகம் அறியும். ஆதலால் ஒழுங்குகளும் உண்டு. மூத்தவர் அருகில் நிற்கிறார். எளிய பகுதியே முதலில் தரப்படுகிறது. நோயாளியின் இசைவைப் பெறுதல் முறையென்று கருதப்படுகிறது. கடைக்கு வந்தவரிடம், 'பையன் புதியவன். கன்னத்தை மட்டும் அவன் மழிக்கட்டுமா?' என்று முதலாளி கேட்பதும் இவ்வகையினதே. முகம் கொடுப்பவர் தாம் கொடுப்பதை அறிந்து கொடுக்கிறார். இசைவு பெற்ற கீறலுக்கும் ஏமாற்றி இட்ட கீறலுக்கும் ஆழம் ஒன்றாயிருக்கலாம். அறத்தின் முன் அவை ஒன்றல்ல.

இனி வகுப்பறைக்கு வருவோம். முதல் நாள் கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியரும் புதியவரே. அரிஸ்டாட்டில், யாழ் மீட்டியே யாழ்வல்லோன் ஆகிறான், கட்டியே கட்டடக் கலைஞன் ஆகிறான் என்ற கருத்தைச் சொன்னவர். தவறாக மீட்டிப் பழகினால் தவறான யாழோன் ஆவான் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. கற்பித்தே ஆசிரியர் ஆக வேண்டும் என்பது உண்மையாயின், ஆசிரியர் ஆகுமுன் அவர் கற்பித்த பாடங்களைப் பெற்றவர் யார்? அவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள். அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. தங்கள் முகத்தின் மீது ஒரு புதிய கை பழகுகிறது என்பதையே அவர்கள் அறியார். ஆசிரியர் என்றால் எல்லாம் வல்லவர் என்றே எண்ணி அவர்கள் தலை சாய்க்கிறார்கள்.

கத்தியின் காயம் கண்ணுக்குத் தெரியும், சின்னாள்களில் ஆறும். வகுப்பறைக் காயமோ அப்படி அன்று. உரக்கப் படிக்கும்போது ழகரம் வாராத சிறுவனைப் பார்த்து, வகுப்பை அடக்கத் தெரியாத பதற்றத்தில், புதிய ஆசிரியர் ஒரு நகைச்சொல் சொல்லிவிடுகிறார். வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியர்க்கு அன்று வகுப்பு வசப்பட்டதாகவும் தோன்றுகிறது. அச்சிறுவன் மறுநாள் முதல் உரக்கப் படிக்கக் கை உயர்த்துவதில்லை. குருதி துளிர்க்காதலால் கை தவறியது ஆசிரியர்க்குத் தெரியாது. கண்ணாடியில் தன் கன்னத்தைக் காண்பவன் பெறும் உடனடிப் பாடம் அவருக்குக் கிட்டுவதில்லை. மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி விருப்பப் பாடமே. எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து அம்மாணவன் அதனை எடுக்காமல் விட்டால், காரணம் கேட்போர்க்கு நேரமின்மை என்றுதான் சொல்வான். அவனுக்கே முழுக் காரணம் நினைவிருக்காது.

இதற்கு என்ன செய்வது? காப்பு வைத்த கருவியை ஆசிரியர் கையிலும் கொடுத்துவிடலாம் என்பர் சிலர். பாடத்திட்டம், ஆசிரியர் கையேடு, நிமிடக் கணக்கோடு வகுத்த பாடக்குறிப்பு ஆகியன அத்தகைய காப்புகள். அவை பயனற்றவை அல்ல. புதியவரின் கை பெரிதும் வழுவாமல் அவை காக்கும். ஆனால் மேற்சொன்ன நகைச்சொல்லை எந்தக் கையேடு தடுத்திருக்கும்? ஆசிரியரின் நாவிலும் முகக்குறிப்பிலும் காப்பு பொருத்த எந்தக் கொல்லனாலும் இயலாது. அங்கே பழைய கத்தியின் நிலையே நீடிக்கிறது.

புதியவர் ஒருவர்க்கே இப்பொறுப்பு உரியது என்று மூத்தோர் ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஓர் உண்மையை விளக்கினர். எஃகினும் ஐம்பது மடங்கு மென்மையானது மனித மயிர். அம்மயிரே எஃகின் கூரில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது. ஒவ்வொரு முகமும் கத்தியைச் சிறிது மழுக்கிவிட்டே செல்கிறது. கைதேர்ந்தவர் அதனால்தான் நாள்தோறும் தோல்வாரிடம் செல்கிறார். சீன ஞானி சுவாங்சியின் பெயரால் வழங்கும் நூலில், 19 ஆண்டுகள் ஒரே கத்தியால் எருதுகளை அறுத்தும் கூர் குன்றாத சமையற்காரர் ஒருவர் வருகிறார். நம் பள்ளிகளின் சீன ஆசிரியர்கள் அக்கதையை நன்கறிவர். அவர் பெருமையெல்லாம் விரைவில் இருப்பதாகவே பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் கதையில் அவர், மூட்டுகள் சிக்கலாய்ப் பின்னிக் கிடக்கும் இடத்தை அடையும்போதெல்லாம் தம் கையைத் தாமதப்படுத்திக்கொள்வதாகச் சொல்கிறார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் அங்கே புதியவரைப் போலவே நிற்கிறார்.

மலேசியாவின் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்திலும் பயில்வோர், பள்ளிகளுக்குச் சென்று கற்பித்துப் பழகும் காலம் ஒன்று உண்டு. பயிற்சி ஆசிரியர் முன்னே நின்று கற்பிப்பார்; அனுபவமுள்ள ஆசிரியர் பின்வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பார். குறிப்பேட்டில் குரல் தெளிவு, கரும்பலகைப் பயன்பாடு, நேரப் பங்கீடு என்று பலவும் எழுதப்படும். பயிற்சி ஆசிரியரின் வளர்ச்சிக்கு அவையெல்லாம் வேண்டியவையே. முகம் கொடுத்த பிள்ளைகளைப் பற்றியும் அதில் ஒரு வரி இடம்பெற வேண்டும் அன்றோ? முடிதிருத்தும் கடையில், பழகுநர் மழித்த கன்னத்தின் மீது முதலாளி விரலை ஓட்டிப் பார்த்து, விடுபட்டதைத் தம் கத்தியால் வழித்துவிட்டு, கீறல் இருந்தால் படிகாரம் தடவிய பின்பே வாடிக்கையாளரை நாற்காலியிலிருந்து எழச் சொல்வார். மூத்த ஆசிரியர் சிலரும் இதனை ஓசையின்றிச் செய்து வருகின்றனர். பயிற்சி ஆசிரியர் விடைபெற்றுச் சென்ற மறுநாள் அவர்கள் அதே பாடத்தை மீண்டும் எடுக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு வரி படிக்கச் சொல்லிவிட்டு, யார் குரல் முன்னைவிடத் தாழ்ந்திருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள்.